ஜவளகிரிப் பலாவும் லண்டன் தீர்ப்பாயமும்

"கேரளாவா மேடம்?" என்று கேட்டார் ஓசூர் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைக்காரர். நான் தமிழில்தான் கேட்டிருந்தேன்: "ஒரு பிளேன்டீ தாங்கோ, சீனி குறைவா." அவர் முதலில் கன்னடத்தில் ஏதோ சொல்லிப் பார்த்தார். பிறகு தெலுங்கு. கடைசியில்தான் இந்தக் கேரளா. "யாழ்ப்பாணம், இப்ப லண்டன்" என்றதும், "அட, நம்மாளு!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பால் இல்லாத தேநீர் கேட்ட எனக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். பக்கத்தில் சீருடையில் நின்ற தொழிலாளர்களும் சேர்ந்து கவலைப்பட்டார்கள். ஒருவர் மதுரைப் பேச்சில் இஞ்சி தட்டிப் போடச் சொன்னார், இன்னொருவர் நெல்லைப் பேச்சில் சுக்கு. கம்பெனிப் பேருந்து வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போகும்வரை என் வயிறுதான் அங்கே பேச்சு.

லண்டனில் நான் ஒரு குடிவரவு வழக்கறிஞரின் அலுவலகத்தில் இருக்கிறேன். வழக்காடுவது என் வேலையில்லை. சாட்சிகளிடம் வாக்குமூலம் எழுதி வாங்குவேன். எங்கள் கட்சிக்காரன் முனிராஜ், தேன்கனிக்கோட்டைப் பையன், லண்டனுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் எந்திரம் ஓட்டுகிறான். அவன் மனைவி ரேவதிக்கு ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி நாலு வருஷமாகியும் இருவரும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தது அவன் லீவில் வந்த நாட்கள் மட்டுமே.

ரேவதி முனிராஜின் சொந்த அக்காள் மகள். விசா அதிகாரி அந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாமன் அக்காள் மகளைக் கட்டினால் இங்கிலாந்துச் சட்டத்தில் அது கல்யாணமே இல்லை. ஓசூரில் பெண்டாட்டி, ஹீத்ரோவில் யாரோ ஒருத்தி. மேல்முறையீட்டுக்குச் சாட்சி சேர்த்துவர என்னை அனுப்பினார்கள், எனக்குத் தமிழ் தெரியும் என்று. என் தமிழின் இலட்சணத்தைத்தான் தேநீர்க் கடையில் பார்த்தீர்களே.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். வெளிநாட்டில் நடந்த கல்யாணம் ஒன்று வந்தால், தாலி கட்டிய நாளில் இவன் எந்த ஊர்க்காரன் என்று இங்கிலாந்து நீதிபதி கேட்பார். எந்த ஊரில் வாடகை கொடுத்தான் என்பது அவருக்கு முக்கியமில்லை. கடைசியில் போய் இருக்க நினைத்த ஊர் எது என்பதுதான் கேள்வி. அது கிருஷ்ணகிரி மாவட்டம் என்றால் இந்தியச் சட்டம் பேசும். இந்தியச் சட்டமோ, உங்கள் ஆட்களிடம் இந்த வழக்கம் உண்டா என்று கேட்டு, உண்டென்றால் வாழ்த்தி அனுப்பிவிடும். ஆக இரண்டு காரியத்தை நிரூபிக்க வேண்டும். ஒன்று, ஊர் வழக்கம். மற்றது, முனிராஜின் மனம்.

மனத்தில்தான் வினை. கல்யாணத்துக்கு முந்தின வருஷம், லண்டனில் தொடர்ந்து தங்க விண்ணப்பித்தபோது, யாரோ ஒரு தரகர் பேச்சைக் கேட்டு "இதுவே இனி என் நிரந்தர வீடு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான் அந்த மடையன். அன்றைக்கு அது அவனுக்கு உதவியது. இன்றைக்கு அதையே காட்டி, நீ எங்கள் ஊர்க்காரன், எங்கள் சட்டப்படி உனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்கிறார்கள்.

என் மனத்திலும் ஒரு முள் இருந்தது, மறைப்பானேன். யாழ்ப்பாணத்தில் தாய்மாமன் தகப்பனுக்குச் சமம். மச்சானைக் கட்டலாம், மாமனைக் கட்டுவதா, சீ என்போம். மலேசியாவில் இந்துக்களுக்கு இதே முறையைச் சட்டப் புத்தகமே ஒத்துக்கொள்கிறது. லண்டனில் கேட்டவுடன் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சுளிப்பு என் முகத்திலும் இருந்தது, அதை ஒளித்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

மாலை ஷிப்ட் முடிந்து ரேவதி வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, தலையில் ஓசூர் ரோஜா. ஆட்டோக்காரரைக் கன்னடத்தில் அதட்டி, பழக்காரம்மாவைத் தெலுங்கில் கொஞ்சி, என்னிடம் தமிழுக்கு வந்தாள். "சாப்பிட்டீங்களாக்கா?" இல்லை என்றேன். அவ்வளவுதான், தட்டு இட்லிக் கடைக்கு இழுத்துப் போனாள். எங்கள் ஊர் இட்லி இரண்டை ஒட்டினாலும் அந்த ஒன்றுக்குக் காணாது.

அவள் வாய் நிறைய இட்லி இருந்தபோதே கேட்டுவிட்டேன். "உன்னை ஆரும் கட்டாயப்படுத்திச் செய்து வைச்சதோ பிள்ளை?"

"கட்டாயமா? நான்தான்க்கா அவர கட்டாயப்படுத்துனேன்!" என்றாள். "எங்கம்மா மூத்தவங்க, மாமா கடைக்குட்டி. எனக்கும் அவருக்கும் அஞ்சு வயசுதான் வித்தியாசம். லண்டன்ல பொண்ணு பாக்கறேன்னாரு. நான் இருக்கறப்ப வேற எவளாவது வந்தா நடக்கறதே வேறன்னேன். டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துப் பாத்துட்டுத்தான் தேதியே வெச்சோம்." பிறகு தட்டை வழித்தபடி, "நீங்க பேசறது பாட்டு மாதிரி இருக்குதுக்கா. இன்னொரு வாட்டி பிள்ளைன்னு சொல்லுங்க" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

மறுநாள் தேன்கனிக்கோட்டை. பேருந்து பாதி வழியில் பஞ்சர். நடத்துனர் எல்லாரையும் இறக்கி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். லண்டனில் ரயில் நின்றால் ஆளாளுக்குப் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வோம். இங்கே டயர் மாற்றி முடிப்பதற்குள் எனக்கு எத்தனை பிள்ளைகள், ஏன் இல்லை, புருஷன் எப்போது போனார் எல்லாம் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "போனவரு நல்லவருதானே, அது போதும்" என்று கொய்யாப்பழம் கொடுத்தார்.

ரேவதியின் அம்மா மாதம்மா வீட்டில் ஒரு பட்டாளமே சலவை வேட்டியும் புதுச் சேலையுமாய்க் காத்திருந்தது. சாட்சிகளாம். நான் நோட்டைத் திறந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னார்: "முனிராஜுக்கும் ரேவதிக்கும் எந்தச் சொந்தமும் கெடையாதுங்க."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். கடைசியாக மாதம்மா, "அவ யாரோ, அவன் யாரோங்க. பஸ்ஸுல பாத்துப் புடிச்சுப்போயி கட்டிக்கிட்டாங்க" என்றார். ஒருத்தனுக்கு அக்கா, ஒருத்திக்கு அம்மா, சொல்வது இதை! அவர் தலைக்கு மேலே சுவரில் ரேவதியின் காதுகுத்துப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. வாய்பிளந்து அழும் குழந்தையை மடியில் பிடித்தபடி, முறைப்படி சீர்த்தட்டு முன்னால் இருக்க, தானும் அழுதுகொண்டு சிறுவன் முனிராஜ்.

"ஐயோ, என்ர கடவுளே!" என்று கத்திவிட்டேன். "ஆர் உங்களை இப்பிடிச் சொல்லச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. சொந்தம் என்பதால்தானே விசா இல்லை என்றார்கள், அப்படியென்றால் சொந்தமே இல்லை என்று ஊரே கூடிச் சத்தியம் பண்ணிவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்காகப் பொய்ச்சத்தியப் பாவத்தையும் பங்கு போட்டுக்கொள்ளத் தயாராக வந்திருந்தது அந்தக் கூட்டம். அவர்களைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

"சொந்தம் எண்டுதான் நீங்கள் சொல்ல வேணும். உங்கட முறை இதுதான் எண்டு சொன்னால்தான் கல்யாணம் நிக்கும்."

"நெசமாவா?" என்றார் மாதம்மா. நெசமாத்தான் என்றதும் பிடித்தது ஒரு கூச்சல்! எந்த மாமன் எந்த அக்காள் மகளைக் கட்டினார் என்று ஆளுக்கு ஒன்று. சீர்த்தட்டு பிடிக்கிற மாமனுக்குத்தான் முதல் உரிமை என்றார்கள். வெளியே பெண் கொடுத்தால் மாமனைக் கேட்காமல் பந்தக்கால் நடக்கூடாதாம். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவும் எதிர்வீட்டுக் கன்னடக்காரரும், எங்களிலும் அதேதான், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம் என்று உள்ளே வந்துவிட்டார்கள். மூன்று மொழியில் ஒரே வழக்கம். நடுவே முகம் சுளிக்க வந்த நான்தான் வேற்று ஆள். என் தமிழின் முறையும் இவர்கள் தமிழின் முறையும் வேறு, அவ்வளவுதானே என்று அந்த வீட்டில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது. முள் எப்போது கழன்றது என்று தெரியாது.

சாப்பாடு ராகிக் களியும் மொச்சைக் குழம்பும். எங்கள் குரக்கன்தான், ஆனால் இங்கே உருண்டையாக வருகிறது. நான் மென்றேன். கூட்டமே பதறிவிட்டது. "மெல்லக்கூடாதுக்கா, முழுங்கணும்!" என்று ரேவதி பிட்டுக் குழம்பில் தோய்த்துக் காட்டினாள். மூன்றாவது உருண்டையை மறுத்தபோதுதான் மாதம்மாவுக்கு என்மேல் முதல் வருத்தம்.

வழக்கம் முடிந்தது. மனம் இருக்கிறதே? முனிராஜ் திரும்பி வந்து இங்கே இருக்க நினைத்தானா என்று கேட்டேன். "வருவான் வருவான்" என்று ஒரே குரல். இதைத் தீர்ப்பாயம் ஒரு காசுக்கு மதிக்காது. சொந்தக்காரர் வேறு என்ன சொல்வார்கள் என்று கேட்கும்.

ரேவதி யோசித்துச் சொன்னாள். "ஜவளகிரி கொல்லையில பலா வெச்சிருக்காருக்கா. கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் வெச்சது."

அடுத்த நாள் தளி வழியாக ஜவளகிரி போனோம். தளியை வெள்ளைக்காரன் குட்டி இங்கிலாந்து என்பானாம். குளிரும் பச்சையும் அவனுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். எனக்கு எந்த ஒற்றுமையும் தெரியவில்லை, என் லண்டன் தெருவில் யானை வராதிருக்கக் காட்டோரம் அகழி வெட்டி வைத்திருப்பதில்லை. கொல்லையில் நாலு பலா, ஆள் உயரம் தாண்டி நின்றன. முறிந்த அடிக்கட்டைகள் வேறு சில. "அதெல்லாம் ஆனை முறிச்சது" என்றாள் ரேவதி.

படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வெடித்தது. பக்கத்து நிலத்துத் திம்மராயப்பா. ராகி போடுகிற கன்னடக்காரர், வெள்ளை மீசை, கையில் தடி. அவர் கன்னடத்தில் நீளமாக ஏசினார். ரேவதி மொழிபெயர்த்தாள்: "வாங்கன்னு சொல்றாரு."

"பிள்ளை, நான் வாக்குமூலம் எடுக்கிறவள். உள்ளதைச் சொல்லு."

அவள் பெருமூச்சு விட்டாள். "அந்தக் கிறுக்கன் வெச்ச மரத்தால நான் தூங்கி நாலு வருஷம் ஆச்சுங்கறாரு. பலாவாசனை ஆனைக்கு எட்டுமாம். காட்டு ஓரத்துல புத்தி உள்ளவன் எவனாவது பலா வெப்பானான்னு அன்னிக்கே கத்துனாராம். அதுக்கு மாமா, 'காய்க்கறப்ப நான் இங்கதான் இருப்பேன், காவல நான் பாத்துக்கறேன்'னு சொன்னாராம். இப்ப இவரு தனியா பரண் மேல உக்காந்து தகரம் தட்டறாராம். பொய்யன், பொய்யன்னு ரெண்டு தடவ சொன்னாரு. மிச்சத்தச் சொல்ல மாட்டேன், போங்கக்கா."

நோட்டைத் திறந்தேன். தாலி கட்டிய மறுவாரம், நான் இங்கேதான் இருப்பேன் என்று அவன் சொன்னதைக் காதால் கேட்டவர்! அதுவும் அவனைக் கண்டாலே ஆகாதவர்! இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைப்பார்? எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் தடியை என் பக்கம் நீட்டி ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நான்காம் நாள் அவரைத் தேடிக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஓடினோம், மாடு பிடிக்கப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டு. நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் கடல்போல ஆடு, மாடு, மனிதர். இரண்டு பேர் துண்டுக்கு அடியில் கையைவிட்டு விரலால் விலை பேசிக்கொண்டிருந்தார்கள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதில் ஒருவர் திம்மராயப்பா. ஒரு ஆடு என் சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருக்க நான் பேரம் முடியும்வரை நின்றேன்.

"அவனப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லச் சொல்றீங்களா?" என்றார், இந்தமுறை தமிழில். "என் வாயில வராதும்மா."

"நல்லது வேண்டாம் ஐயா. உங்கட கோபம்தான் எனக்கு வேணும். நேற்றுச் சொன்னதை அப்பிடியே, ஏச்சோட சேர்த்துச் சொல்லுங்கோ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒரு விண்ணப்பம் அவருக்கு இதற்குமுன் வந்திருக்காது. மாட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சொல்றேன். ஆனா அந்த மரத்த வெட்டணும்."

ரேவதியின் கண் கலங்கியதைப் பார்த்தேன். சின்ன வயதில் பலாச்சுளைக்கு அடம் பிடிப்பாளாம், அதனால்தான் அவன் மாங்கன்றை விட்டுப் பலாவை வைத்தான். முந்தின நாள் இரவு மாதம்மா என் காதோடு சொல்லியிருந்தார். "வெட்டிக்கங்க தாத்தா" என்றாள் ரேவதி. "மரம் எனக்காக வெச்சது. மனுசன் கெடச்சா போதும்."

"தாத்தா" என்றதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாட்டோடு ஏதோ பேசினார். நோட்டரி அலுவலகத்துக்கு வரவேண்டிய நாளை நான் சொல்லச் சொல்ல, மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

கடைசி நாள் தேன்கனிக்கோட்டை நோட்டரி அலுவலகம். வரமாட்டாரோ என்று ரேவதி நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டாள். வந்தார், சலவைச் சட்டை போட்டு, தடி இல்லாமல். நான் எழுத எழுத அவர் சொன்னார். கிறுக்கன் என்றார், எழுதினேன். பொய்யன் என்றார், எழுதினேன். யானை எப்போது எந்த வேலியை மிதித்தது, யார் தகரம் தட்டியது, எல்லாம். நோட்டரிக்காரர் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதோ ஐயா?"

"இன்னும் ஒண்ணு எழுதுங்க. மரத்த நான் வெட்டல. இந்தப் பொண்ணும் வெட்டக்கூடாது. வெச்சவன் வந்து வெட்டட்டும், இல்ல வெச்சவன் வந்து காவல் இருக்கட்டும். அவன் வர்றவரைக்கும் நான் பாத்துக்கறேன்." பேனாவை வாங்கிக் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எப்பம்மா உங்க ஊருக்குத் திரும்பப் போறீங்க?" என்றார்.

நாளைக்கு விமானம் என்றேன். "லண்டனக் கேக்கல" என்றார். வேலையென்று ஊராரிடம் இதைத்தானே கேட்டுத் திரிகிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. கண்ணீர்தான் வந்தது. ரேவதி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தீர்ப்பாயத்தில் ஊர்க்காரர்களின் வாக்குமூலங்களை நீதிபதி மளமளவென்று புரட்டினார். திம்மராயப்பாவுடையதில் நின்றார். முழுவதையும் படித்தார். கடைசி வரியை இன்னொரு தரம் வாய்விட்டுப் படித்து, முனிராஜைப் பார்த்து, இவர் சொன்னபடி செய்கிறவரா என்று கேட்டார்.

முனிராஜ் எழுந்து நின்றான். அந்த அறையில் அவனுடைய ஆங்கிலம் அவனைக் கைவிட்டது. தமிழில் சொன்னான்: "அவரு தடியோட நிப்பாருங்க சார். நான் போயே ஆகணும்." மொழிபெயர்ப்பாளர் சொல்லிமுடிக்குமுன்பே நீதிபதி ஏதோ குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. தாலி கட்டிய நாளில் அவன் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரன். கல்யாணம் செல்லும். ரேவதி அவன் மனைவி. போனில் அவள் போட்ட கூச்சலில் என் பக்கத்து மேசைக்காரி ஓடிவந்துவிட்டாள். மாதம்மா அழுதார், சிரித்தார், மூன்றாவது களியுருண்டையை ஞாபகப்படுத்தினார்.

திம்மராயப்பாவுக்கு நானே அழைத்துச் சொன்னேன். உங்களால்தான் ஐயா, நீங்கள் ஏசினதால்தான் வென்றோம் என்று உருகினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். காற்று இரைச்சலோடு பரண்மேல் இருந்துதான் பேசினார் போல.

"அதெல்லாம் இருக்கட்டும்மா" என்றார். "பிஞ்சு வெச்சிருச்சு. அவன் எப்ப வர்றான்?"